கடல் குளியலும் சொறியும்: குமரி மேற்குக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை விட்டதும் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமும், எல்லை தாண்டி பொழியூர், பூவார், விழிஞ்ஞம், கோவளம் பக்கமும் குடும்பம் குடும்பமாகக் கடலுக்கு வருகிறார்கள். கூடவே சொறியைப் பற்றிய பயமும் வருகிறது. பாடப்புத்தகத்தில் ஜெல்லிமீன் என்று இருப்பதுதான் கரையில் சொறி. வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் நேராகக் "கொட்டிவிட்டது, முதலில் என்ன செய்ய?" என்ற கேள்விக்குப் போய்விடலாம்.

கோடையில் சொறி அதிகம் என்கிறார்களே, கடலில் இறங்கலாமா?

இறங்கலாம். எந்த இடத்தில், எந்த நாளில் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சொறியால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எங்கே தள்ளுகிறதோ அங்கே போய்ச் சேரும். அதனால் இன்று குளச்சலில் கூட்டமாகக் கிடக்கும்போது முட்டத்தில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். நாளை அதுவே தலைகீழாகலாம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. குழந்தைகளோடு வருகிறவர்கள் அலை அடங்கிய இடமாகத் தேடுவார்கள். பாறை ஒதுக்கிய வளைவு, துறைமுகச் சுவரின் உள்பக்கம், கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகள் இரண்டுக்கு நடுவே உள்ள நீர் என்று பார்த்துப் பார்த்து இறங்குவார்கள். அடித்து வரப்பட்ட சொறி வெளியே போக வழியில்லாமல் தேங்கி நிற்பதும் அதே இடங்களில்தான். அமைதியான நீர் என்றால் இறங்கும் முன் கொஞ்சம் நின்று உற்றுப் பாருங்கள்.

ஏப்ரல், மே மாதத்தோடு சொறி போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது இந்தக் கரையை ஒட்டி அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வருகிறது. மிதவை உயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னும் சொறிக்கும் அது நல்ல காலம். கோடையில் அதிகம் என்று நமக்குத் தோன்ற ஒரு காரணம், கோடையில்தான் நாம் அதிகம் பேர் கடலில் இறங்குகிறோம் என்பது.

எல்லாச் சொறியும் கொட்டுமா?

கொட்டும் செல்கள் எல்லா ஜெல்லிமீனுக்கும் உண்டு. ஆனால் சிலவற்றின் கொட்டு மனிதத் தோலுக்கு உறைக்காது. குடைபோலத் தடிமனாக, வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, நீண்ட இழை இல்லாமல், அடியில் பூவிதழ் மாதிரிக் கொத்தாகக் கைகள் தொங்கும் வகை ஒன்று உண்டு. கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையில் கூடை கூடையாக ஏறுவது பெரும்பாலும் அதுதான். தொட்டால் அரிக்கும், சிலருக்குத் தடிக்கும், பொதுவாக அதோடு சரி.

மெல்லிய குடையும், நூல் நூலாக நீண்ட இழைகளும் உள்ளவற்றைக் கண்டால் விலகுங்கள். குடை அங்கே மிதந்தாலும் இழை சில அடி தள்ளி நீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். "நான் அதைத் தொடவே இல்லையே, எப்படிக் கொட்டியது?" என்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

மூன்றாவது, நீல நிறத்தில் சிறிய காற்றுப் பையோடு மிதப்பது. பத்திரிகைகள் போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்று எழுதும். கண்டிப்பாகச் சொன்னால் இது ஜெல்லிமீனே இல்லை. பல சிறு உயிர்கள் ஒட்டிக்கொண்டு ஒரே உடலாக வாழும் கூட்டம். காற்றுப் பைதான் அதற்குப் பாய். இந்தப் பாய் சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். அதனால் ஒரே காற்றில் எல்லாம் ஒரே பக்கம் போவதில்லை, ஒரு பாதி கரை ஏறினால் மறு பாதி தப்பிவிடும். நம் கரை தென்மேற்கு நோக்கி இருப்பதால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று விடாமல் அடித்தால் இவை கரைக்கு வரும். 2018 ஆகஸ்டில் மும்பைக் கடற்கரைகளில் ஏராளமானோரைக் கொட்டிச் செய்தியானது இதே வகைதான். வலி சுரீரென்று இருக்கும், சாட்டையால் அடித்த தடம் மாதிரி தோலில் கோடு விழும்.

பெட்டி வடிவச் சொறியும் இந்தியக் கடலில் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆட்களைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுள்ளது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகை. கண்ணாடி போல இருப்பதால் நீரில் பார்த்து விலகுவது கடினம். நம் கரையில் குளிப்பவர்களைக் கொட்டுவதில் இது பெரும்பங்கு இல்லை. ஆனால் வலி தாங்க முடியாத அளவில் இருந்து, கூடவே நெஞ்சு படபடத்தால், எந்த வகை என்று யோசித்து நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அது நம்மைத் தேடி வந்து கடிக்கிறதா?

இல்லை. சொறிக்கு மூளை கிடையாது, இதயம் கிடையாது, எலும்பு கிடையாது. உடம்பில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். இழை முழுக்க நுண்ணிய பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் நஞ்சு ஊசி. தோல் உரசியதும் பை வெடித்து ஊசி பாய்கிறது. கண் இமைப்பதற்குள் என்று சொல்வதுகூடப் போதாது. விலங்குலகில் நடக்கும் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

முதலுதவி முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. கொட்டிய உடனே எல்லாப் பைகளும் வெடித்து முடிவதில்லை. தோலில் ஒட்டியிருக்கும் இழைத்துண்டில் வெடிக்காதவை நிறைய மிச்சம் இருக்கும். நாம் தேய்த்தால், அழுத்தினால், நல்ல தண்ணீர் ஊற்றினால் அவையும் வெடிக்கும். கொட்டியதைவிடக் கொட்டிய பிறகு கரையில் செய்யும் வைத்தியத்தால் அவதிப்படுகிறவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

கொட்டிவிட்டது. முதலில் என்ன செய்ய?

முதலில் நீரை விட்டு வெளியே வாருங்கள். பதறி ஓட வேண்டாம், ஆனால் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். வலியில் நிலை தடுமாறும்போது அடுத்த அலை தள்ளிவிடும். கூட இருப்பவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வரட்டும்.

கரையில் உட்கார வைத்து, கொட்டிய இடத்தில் கடல் தண்ணீரையே மொண்டு ஊற்றுங்கள். பாட்டிலில் இருக்கும் குடிதண்ணீர் வேண்டாம். இழை ஒட்டியிருந்தால் புருவம் எடுக்கும் இடுக்கி, அது இல்லையென்றால் இரண்டு ஈர்க்குச்சி, எது கிடைத்தாலும் அதைக் கொண்டு தூக்கி எடுங்கள். வெறுங்கையால் பிடுங்கினால் அடுத்தது உங்கள் விரல். ஏ.டி.எம். அட்டையால் சுரண்டுவதைப் பல இடங்களில் சொல்வார்கள். சுரண்டும்போது அழுத்தம் விழுகிறது, அதனால் மிச்சமிருக்கும் பைகளும் வெடிக்கலாம். தூக்கி எடுப்பதே மேல்.

அப்புறம் வெந்நீர். இதைத்தான் நம் ஊரில் யாரும் செய்வதில்லை, ஆனால் இதுதான் நன்றாக வேலை செய்கிறது. 45 டிகிரி செல்சியஸ் அளவுள்ள நீரில் கொட்டிய கையையோ காலையோ 20 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். நீலக் காற்றுப்பை வகை கொட்டிய 96 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு சோதனை 2006ல் வெளியானது. 20 நிமிடம் கழித்து வெந்நீர் வைத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. ஐஸ் வைத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான்.

கடற்கரையில் வெந்நீருக்கு எங்கே போக என்று கேட்பீர்கள். டீக்கடை இல்லாத கடற்கரை நம் பக்கம் இருக்கிறதா? ஒரு வாளி கேட்டு வாங்கி, கொதிக்கும் நீரில் கடல் தண்ணீரைக் கலந்து, தாங்கக்கூடிய சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். சூட்டைப் பார்ப்பது கொட்டு வாங்காத ஆளின் கையாக இருக்கட்டும். வலியில் இருப்பவருக்குச் சூடு சரியாக உறைக்காது, தோல் வெந்துபோகும். குழந்தைக்கு வைக்கும்போது இன்னும் கவனம். முதுகு, கழுத்து போல முக்க முடியாத இடமென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை மாற்றி மாற்றிப் போடலாம்.

வெந்நீருக்கு வழியே இல்லையென்றால் ஐஸ் சும்மா இருப்பதைவிட மேல். பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். ஐஸ் உருகிய நல்ல தண்ணீர் தோலில் படக்கூடாது.

வினிகர் ஊற்றலாமா?

எந்தச் சொறி என்பதைப் பொறுத்தது, அதனால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெட்டி வடிவச் சொறிக்கு வினிகர் நல்லது. வெடிக்காத பைகளை வெடிக்காமல் முடக்கிவிடும், ஏற்கெனவே ஏறிய நஞ்சை அது ஒன்றும் செய்யாது. நீலக் காற்றுப்பை வகைக்கு ஆஸ்திரேலிய முதலுதவி விதிகள் வினிகர் வேண்டாம் என்கின்றன. ஆனால் பின்னால் வந்த ஆய்வொன்று அதற்கும் வினிகர் நல்லது என்கிறது. நீண்ட இழை கொண்ட சில வகைகளில் வினிகர் பட்டாலே பைகள் வெடிப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

நம் கரையில் கொட்டியது எது என்று பெரும்பாலும் தெரியாது. அதனால் என் யோசனை: கடல் தண்ணீர், இழையை எடுப்பது, வெந்நீர். இந்த மூன்றும் பொதுவாக எந்த வகைக்கும் பெரிய கெடுதல் செய்யாது. வீட்டில் மீன் ஊறுகாய்க்கு வைத்திருக்கும் வினாகிரியைக் கட்டிக்கொண்டு கடலுக்கு வர வேண்டியதில்லை.

சிறுநீர்? சுண்ணாம்பு? மண்ணெண்ணெய்?

சிறுநீர் வேண்டவே வேண்டாம். அதன் உப்பளவு கடல்நீரைவிடக் குறைவு, ஆளுக்கு ஆள் மாறும். பட்டால் பைகள் வெடிக்க வாய்ப்பு அதிகம். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் கதை இது, யார் தொடங்கி வைத்தார்களோ. சுண்ணாம்பு தோலை அரிக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் எரிச்சலுக்கு மேல் எரிச்சல். ஈர மணலை அள்ளித் தேய்ப்பது நம் கரையில் எல்லோரும் செய்வது, கெடுதலில் முதல் இடம் அதற்குத்தான். கள், சாராயம், பிராந்தி எதையும் ஊற்ற வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், உதடோ முகமோ வீங்கினால், வாந்தி, தலைசுற்றல், உடம்பெல்லாம் தசை பிடித்து இழுத்தால் தாமதிக்காதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள். கண்ணிலோ வாய்க்குள்ளோ பட்டால் வலி குறைவாக இருந்தாலும் போயே ஆக வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. கை அகலத்துக்கு மேல் தடித்திருந்தாலோ, கொட்டு வாங்கியது சின்னக் குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி என்றாலோ மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கொட்டிய முதல் ஒரு மணி நேரம் ஆளைத் தனியாக விடாதீர்கள். சில வகைகளில் தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, அரை மணி நேரம் கழித்து முதுகுவலி, வியர்வை, படபடப்பு என்று தொடங்கும். "ஒண்ணுமில்ல, சரியாயிட்டு" என்று பைக்கை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்துக்கோ நெய்யாற்றின்கரைக்கோ கிளம்புவதில்தான் ஆபத்து.

சாதாரணக் கொட்டுக்கு வலி சில மணி நேரத்தில் அடங்கும். அரிப்பு நாலைந்து நாள் இருக்கலாம், கருந்தடம் வாரக்கணக்கில் நிற்கலாம். பாராசிட்டமாலும் அரிப்புக்குச் செட்ரிசினும் பெரும்பாலோருக்குப் போதும். தடம் புண்ணாகிச் சீழ் வைத்தால் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம்.

ஒரு தடவை கொட்டினால் உடம்பு பழகிவிடும் என்கிறார்களே?

சிலருக்கு நேர்மாறாக நடக்கும். இது கண்டுபிடிக்கப்பட்ட விதமே சொறியோடு சம்பந்தப்பட்டது. 1901ல் மொனாக்கோ இளவரசரின் ஆய்வுக் கப்பலில் போன ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் நீலக் காற்றுப்பை உயிரின் நஞ்சை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பிய பின் கடல் சாமந்தி (சீ அனிமோன்) என்ற கடல் உயிரின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு கொடுத்து, பழக்கிவிட்டால் தாங்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவு கொடுத்தபோது நாய் நிமிடங்களில் மூச்சு முட்டிச் செத்தது. பழகுவதற்குப் பதில் உடம்பு மிகையாகச் சீறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ரிஷேவுக்கு 1913ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பென்சிலின் ஊசிக்கும் குளவிக் கொட்டுக்கும் சிலர் மயங்கி விழுவதற்குப் பின்னாலுள்ள விஷயமும் இதுவே.

ஆகவே முன்பு கொட்டி உடம்பெல்லாம் தடித்தவர்கள், மூச்சிரைத்தவர்கள், அடுத்த தடவை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மணலில் செத்துக் கிடப்பதைத் தொடலாமா?

கூடாது. சொறி செத்தாலும் பைகள் சாகாது. ஈரமாக இருக்கும் வரை நாள்கணக்கில் கொட்டும் தன்மை இருக்கும், காய்ந்தது மறுபடி நனைந்தாலும் சில வகைகள் கொட்டும். பிள்ளைகள் நுங்கு மாதிரி இருக்கிறதே என்று காலால் தட்டுவார்கள், நீலப் பையை மிதித்துப் பட்டாசு போல வெடிக்க வைப்பார்கள். செருப்பு போட்டுவிடுங்கள். இன்னொன்று: கரையில் ஒதுங்கிக் கிடப்பதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அலைக்கோட்டில் வரிசையாகக் கிடந்தால் நீருக்குள்ளும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்திக்கொண்டு இறங்கலாம்?

மெல்லிய துணி ஒரு சுற்று இருந்தாலே இழை தோலில் படாது. உடம்பை ஒட்டிய முழுக்கை பனியனும் லெக்கிங்ஸும் நல்ல காவல். நம் பெண்கள் சுடிதாரோடும் சேலையோடும் கடலில் இறங்குவதைக் கோவளத்தில் வெளிநாட்டார் வேடிக்கை பார்ப்பார்கள். சொறி விஷயத்தில் ஜெயிப்பது நாம்தான். ஆனால் நனைந்த சேலையும் துப்பட்டாவும் வேட்டியும் காலைச் சுற்றும், அலையில் எழுந்து நிற்க விடாது. முழங்கால் நீருக்கு மேல் போவதாக இருந்தால் அவை வேண்டாம்.

சொறியைப் பார்க்கவே இல்லை, ஆனால் உடம்பெல்லாம் அரிக்கிறதே?

கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளோ உடைந்த இழைத்துணுக்குகளோ துணிக்குள் சிக்கியிருக்கும். அரிப்பு துணி மூடிய இடத்தில், குறிப்பாக இடுப்பு நாடா, பனியன் விளிம்பு படும் இடத்தில் அதிகம் என்றால் இதுதான் காரணம். ஈரத் துணியோடு குழாயடியில் போய் நிற்காதீர்கள், நல்ல தண்ணீர் பட்டதும் மிச்சமும் வெடிக்கும். முதலில் துணியைக் களைந்துவிட்டுப் பிறகு குளியுங்கள். அந்தத் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காய வைக்காமல் மறுநாள் உடுத்தக் கூடாது.

இன்று சொறி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டால் தெரியும். விடியற்காலையில் கரமடி இழுக்கும் இடத்துக்குப் போய் "அண்ணே, மடியில சொறி ஏறுதா?" என்று கேளுங்கள். மடியில் சொறி நிறைய ஏறினால் அவர்களுக்கு அன்றைய பாடு வீண், கேட்காமலே சொல்வார்கள். குமரி மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எனவே ஏப்ரல், மே மாதங்களில் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலும் ஆள் இருப்பார்கள். கோவளத்தில் உயிர்காப்பாளர்களைக் கேட்கலாம். இரண்டு மூன்று நாளாகக் கச்சான் விடாமல் அடித்திருந்தால், கேட்பதற்கு முன்பே பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

வாவு நாளில் (அமாவாசை, பௌர்ணமி) அதிகம் வருமா?

ஹவாய்த் தீவில் ஒரு பெட்டி வகைச் சொறி பௌர்ணமி கழிந்து 8 முதல் 10 நாளில் கரைக்கு வரும், அங்கே நாள்காட்டி பார்த்தே எச்சரிக்கிறார்கள். அது அந்த வகையின் பழக்கம். நம் கரைக்கு நிலவைவிடக் காற்றைப் பாருங்கள்.

ஆறு கடலில் சேரும் பொழியில் சொறி இல்லையே, அங்கே குளிக்கலாமா?

ஆற்று நீர் கலந்த இடத்தில் உப்பு குறைவு, பல கடல் சொறிகளுக்கு அது ஒத்துவராது என்பது சரிதான். ஆனால் சொறிக்குப் பயந்து பொழியில் இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை. பூவாரில் நெய்யாறு, தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி, மணக்குடியில் பழையாறு என்று ஆறு கடலில் சேரும் ஒவ்வொரு வாயிலும் மணல்திட்டு இடம் மாறும், இழுவை திடீரென்று கூடும். வள்ளம் ஓட்டிப் பழகியவர்களையே கவிழ்த்துப் போடும் இடம் அது.

அப்படியானால் சொறியைவிடப் பயப்பட வேண்டியது எது?

கடல்தான். கோடையில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில் கரை ஏறும். கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் அலை இழுத்துப் போய் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்கள் அவை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது, உள்ளூர்ச் செய்தியிலும் வந்துவிடும். சொறி இல்லை என்று கரமடிக்காரர் சொன்னாலும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் இறங்காதீர்கள்.

இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலகிய பிறகு திரும்ப வேண்டும். கொட்டு வாங்கியவருக்கும் இது பொருந்தும். வலியில் நேராகக் கரைக்குப் பாய்ந்து, இழுவையோடு மல்லுக்கட்டி, தளர்ந்து போவார்கள். கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554.

சொறி முன்பைவிடப் பெருகிவிட்டதா?

உலகம் முழுக்கப் பெருகுகிறதா என்பதில் அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. கூடுவதும் குறைவதும் பல ஆண்டு இடைவெளியில் மாறி மாறி நடக்கும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆனால் சொறிக்கு எது சாதகம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கடல் சூடாவது, வயல் உரமும் சாக்கடையும் ஆற்று வழியே கடலில் சேர்வது, அதே மிதவை உயிர்களைத் தின்னும் சாளை, நெத்திலி போன்ற மீன்களை அளவுக்கு மீறிப் பிடிப்பது, சொறியைத் தின்னும் ஆமைகள் குறைவது.

இன்னொன்று நம் கண் முன்னாலேயே நடக்கிறது. சொறி தன் வாழ்வின் ஒரு கட்டத்தில் நீந்துவதில்லை. சிறு மொட்டாகக் கடினமான ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு இருந்து, காலம் வந்ததும் அடுக்கடுக்காகப் பிரிந்து குட்டிச் சொறிகளாக மிதந்து போகும். வெறும் மணல் அடித்தளத்தில் அதற்கு ஒட்ட இடமில்லை. கல்லும் கான்கிரீட்டும் கிடைத்தால் அவற்றின் நிழல் விழும் அடிப்பக்கம் வசதி. கடந்த சில பத்தாண்டுகளில் நம் கரை நெடுகத் தூண்டில் வளைவுகளும் மீன்பிடித் துறைமுகச் சுவர்களும் எழுந்துவிட்டன. 2025 மே மாதம் திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மட்டும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். இவற்றால்தான் இங்கே சொறி கூடியது என்று நான் சொல்ல வரவில்லை. ஊரைக் கடலரிப்பிலிருந்து காக்க அந்தக் கல் தேவை என்று கேட்டுப் போராடியவர்கள் இங்குள்ள மக்கள்தான். ஆனால் மணற்கரை கற்கரையாக மாறும்போது யார் யார் குடியேறுவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கலாம்.

மீனவர்களுக்கு இதனால் என்ன?

குளிக்க வருகிறவருக்கு ஒரு நாள் வலி, வலை இழுக்கிறவருக்கு அது தொழிலோடு வருவது. வலையில் ஒட்டிய இழை கையில் படும், வலையை உதறும்போது கண்ணில் தெறிக்கும். எடை தாங்காமல் வலை கிழியும், சிக்கிய மீன் நசுங்கி விலை போகாது. அணுமின் நிலையத்தையும் அது விடுவதில்லை. கல்பாக்கத்தில் குளிர்விக்கக் கடல்நீர் எடுக்கும் வழியில் சொறி வந்து அடைப்பது பழைய தலைவலி. 2025 ஆகஸ்டில் பிரான்சில் கிராவ்லின் நிலையத்தில் இதனாலேயே நான்கு அணு உலைகள் நின்றன.

சொறியால் பிழைப்பும் உண்டு. ஆந்திரக் கரையில் கொட்டாத தடித்த வகையைப் பிடித்து, உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திக் கிழக்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். பாரைக் குஞ்சுகள் பகை மீனுக்குப் பயந்து சொறியின் குடைக்குக் கீழேயே ஒதுங்கி வளரும்.

சொறியோடு வலையில் வந்த மீனைச் சாப்பிடலாமா?

தாராளமாக. நன்றாகக் கழுவிச் சமைத்தால் ஒன்றும் இல்லை. கழுவும்போது கை அரித்தால் மீன்மேல் இழை ஒட்டியிருக்கிறது என்று பொருள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டு வாங்கிய பிறகு மறுபடி எப்போது கடலில் இறங்கலாம்?

அன்றைக்கு வேண்டாம். ஒன்று கொட்டினால் பக்கத்தில் இன்னும் இருக்கும், அதே தோலில் இரண்டாவது தடவை பட்டால் வலி கூடும். தடிப்பு வற்றி, தோல் உடையாமல் இருந்தால் சில நாளில் இறங்கலாம். புண் இருந்தால் ஆறும் வரை பொறுங்கள், கடல்நீரில் புண்ணைப் பழுக்க வைக்கும் கிருமிகள் உண்டு. தடம் கருத்துக் கிடக்கும் இடத்தில் வெயில் பட்டால் கருமை நீடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.